மும்பைத் தெருச் சாப்பாடு: ஊரிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாதரிலோ குர்லாவிலோ ரயிலை விட்டு இறங்குகிற சொந்தபந்தங்கள் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கேட்பது, "இங்கே என்ன சாப்பிட்டா நல்லாயிருக்கும்?" அடுத்த கேள்வி, "வயித்துக்கு ஒண்ணும் ஆகாதே?" சயானிலேயே பிறந்து வளர்ந்ததால் இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. சிங்கப்பூர், பாங்காக் என்று கிளம்புகிறவர்களும் இப்போது இதே கேள்விகளோடு வருகிறார்கள். அவர்களுக்கான பதிலும் கீழே இருக்கிறது.

எந்தக் கடை நல்ல கடை? ஒரு பட்டியல் கொடுங்களேன்.

பட்டியல் அப்புறம். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தெருவில் விற்கிற எந்தச் சாப்பாடும் யாரோ ஒருவருடைய வேலை நேரத்தை ஒட்டி வந்ததுதான். அந்த நேரத்துக்குப் போனால் சுமாரான கடையிலும் நல்ல சாப்பாடு கிடைக்கும். நேரம் தவறிப் போனால் பெயர்பெற்ற கடையிலும் ஆறிப்போனதுதான் கிடைக்கும்.

விடிந்ததும் ஸ்டேஷன் வாசல்களில் போஹா என்கிற அவல், உப்புமா, ஷீரா என்கிற கேசரி, இட்லி விற்பார்கள். லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கான சாப்பாடு அது. பத்து மணிக்கு மேல் போனால் பாத்திரம் காலி. மதியம் ஃபோர்ட், சர்ச்கேட் பக்கத்து ஆபீஸ் சந்துகள். அங்கே ஒரு மணிக்கு நிற்க இடம் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை ஆளே இருக்காது. ஜவேரி பஜாரில் இருக்கிற காவ் கல்லி, அதாவது தின்பண்டச் சந்து, நகைக்கடை ஆட்களையும் துணி வாங்க வருகிறவர்களையும் நம்பி நடப்பது. பஜார் மூடினால் அதுவும் மூடிவிடும். நாலு மணி வாக்கில் வடாபாவ் சட்டி சூடாகும். அதற்குப் பின்னால் பேல், சேவ்பூரி, பானிபூரி. ஏழு மணிக்கு மேல் பாவ் பாஜி. பதினொன்று தாண்டினால் முட்டை புர்ஜி வண்டிகளும் சைக்கிளில் டீ விற்கிறவர்களும்தான். ராத்திரி ஷிஃப்ட் வாட்ச்மேன்களும் ஆட்டோ டிரைவர்களும் அவர்களைச் சுற்றி நிற்பார்கள்.

அந்த நேரத்தில் எந்தக் கடை என்றால், விலை கேட்காமல் காசை நீட்டுகிற ஆட்கள் நிற்கிற கடை. அவர்கள் தினமும் வருகிறவர்கள். கூட்டம் முழுக்க செல்போனில் படம் எடுக்கிற கூட்டமாக இருந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன்.

வடாபாவில் அப்படி என்ன இருக்கிறது? நம்ம உருளைக்கிழங்கு போண்டாவை பன்னில் வைத்தது தானே?

உள்ளே இருப்பது ஏறக்குறைய அதேதான். கடுகு, கறிவேப்பிலை, மஞ்சள், பச்சை மிளகாய் தாளித்து மசித்த கிழங்கு, கடலைமாவுத் தோல். நம் போண்டாவை விட இதில் பூண்டு தூக்கலாக இருக்கும். ஆனால் வடாவைத் தனியாகத் தின்று பார்த்து முடிவு செய்யக்கூடாது.

ஒரு நல்ல வண்டியில் நின்று கவனியுங்கள். பாவ் தனித்தனியாக வராது, லாடியாக வரும். பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்ட முழுப்பலகை அது. கடைக்காரர் ஒன்றைப் பிய்ப்பார். ஒட்டியிருந்த பக்கம் வெள்ளையாக, பஞ்சாக இருக்கும். முழுக்கப் பிளக்காமல் ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி கத்தியால் வகுந்து, உள்ளே ஒரு பக்கம் பச்சைச் சட்னி, மறு பக்கம் இனிப்புப் புளிச் சட்னி தடவுவார். பிறகு வறட்டுப் பூண்டுப் பொடியை ஸ்பூனால் தூவுவார். பூண்டு, கொப்பரை, மிளகாய் வத்தல் மூன்றும் சேர்த்து இடித்த பொடி அது. வடாபாவின் உயிரே அந்தப் பொடியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. எண்ணெயிலிருந்து இப்போதுதான் எடுத்த வடாவை வைத்து உள்ளங்கையால் ஒரே அமுக்கு. வடா லேசாக உடைந்து ஆவி வரும், பாவ் அந்த ஆவியைக் குடித்து இளகும். எண்ணெயில் பொரித்து உப்பில் புரட்டிய பச்சை மிளகாய் ஒன்று கூடவே வரும். அதைக் கடித்துக்கொண்டே தின்ன வேண்டும். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அரட்டை அடித்தால் ஐந்து நிமிஷத்தில் பாவ் ஈரமாகிவிடும்.

1966 வாக்கில் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் வடாவையும் பாவையும் சேர்த்து விற்கத் தொடங்கினார் என்று பரவலாகச் சொல்வார்கள். தாதரும் பரேலும் லால்பாகும் அப்போது துணி மில் பகுதிகள். உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத தொழிலாளிக்கு ஒரு கையில் பிடித்து நடந்துகொண்டே சாப்பிட ஒன்று வேண்டியிருந்தது. 1982இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் பெரிய மில் வேலைநிறுத்தம் வந்தது. மில்கள் பல திரும்பத் திறக்கவே இல்லை. வேலை போனவர்களில் பலர் வடாபாவ் வண்டி போட்டுப் பிழைத்தார்கள். சிவசேனையும் அந்தக் கடைகளுக்கு ஊக்கம் கொடுத்தது. மில் புகைபோக்கி இருந்த இடங்களில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன, அவற்றின் வாசலில் அதே வண்டி நிற்கிறது.

ருசி பார்க்க இரண்டு இடம் சொல்கிறேன். சிஎஸ்எம்டி (பழைய விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனுக்கு எதிரே ஆராம். பிரபாதேவியில் கீர்த்தி காலேஜ் சந்தில் அசோக் வடாபாவ். பின்னதில் எண்ணெயில் உதிர்ந்த மாவுத் துணுக்குகளையும் உள்ளே வைத்துத் தருவார்கள். அதைச் சூரா என்பார்கள், மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

பாவ் பாஜி?

இதுவும் மில்காரர்களின் ராத்திரிச் சாப்பாடாகத் தொடங்கியது என்றுதான் சொல்வார்கள். மிஞ்சிய காய்களைப் பெரிய தவாவில் போட்டு மசித்து, வெண்ணெயில் பிரட்டித் தருவது. தாடதேவில் சர்தார் பாவ் பாஜிக்குப் போனால் வெண்ணெய் கட்டியாகவே மிதக்கும். இரண்டு பேருக்கு ஒரு தட்டு போதும், கூடுதலாகப் பாவ் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் அதே மசாலா போட்டாலும் அந்த ருசி வராது. நாள் பூராவும் அடுப்பில் இருக்கிற அந்த இரும்புக் கல்லும், மசிக்கிற கை ஓயாததும்தான் காரணம்.

வயிறு கெடாமல் சாப்பிட முடியுமா?

முடியும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால்தான் ஆபத்து. எண்ணெய்ச் சட்டியிலிருந்தோ கல்லிலிருந்தோ நேராக உங்கள் கைக்கு வருகிற சாப்பாட்டில் பயம் குறைவு. அந்தச் சூட்டில் கிருமி தங்காது. சிக்கல் வருவது அதற்குப் பின்னால் சேர்க்கிற பொருட்களில்: தண்ணீர், ஐஸ், நறுக்கி வைத்த வெங்காயம், காலையில் அரைத்து வெயிலில் நிற்கிற சட்னி. சமைத்த சாப்பாடும் வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் கெட்டதுதான். உணவுப் பாதுகாப்புக்காரர்கள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருப்பதை ஆபத்து மண்டலம் என்பது இதனால்தான். கொதிக்கிறதா, கொதிக்கவில்லையா என்று பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

பானிபூரி விஷயத்தில் நான் கறார். புதினாத் தண்ணீர் எந்தத் தண்ணீரில் கரைத்தது என்று கேட்பேன். கேன் தண்ணீர் என்றால் கேன் பக்கத்தில் இருக்க வேண்டும். கையுறை போட்டிருக்கிறார் என்பதால் சமாதானம் ஆகாதீர்கள். அதே கையுறையோடு பணத்தையும் வாங்கினால் என்ன பயன்? ஒருவர் காசு வாங்க, இன்னொருவர் பூரி கொடுக்கிற கடை நல்லது. மும்பைப் பானிபூரியில் சூடான ரகடாவை, அதாவது வேகவைத்த வெள்ளைப் பட்டாணியை வைப்பார்கள். அது அடுப்பின் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தெரியாத இடத்தில் பானிபூரியும், கோலா என்கிற குச்சியில் செருகிய ஐஸ் சீவலும் வேண்டாம். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் சுற்றுகிற மாதங்கள் அவை. பானிபூரி ஆசை தாங்கவில்லை என்றால் சுக்கா பேல் வாங்குங்கள். பொரி, ஓமப்பொடி மாதிரியான சேவ், வேர்க்கடலை, காரப்பொடி எல்லாம் உலர்ந்த பொருட்கள்.

செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அச்சு மையில் இருப்பது சூட்டிலும் எண்ணெயிலும் சாப்பாட்டில் இறங்கும். 2018இன் உணவுப் பேக்கேஜிங் விதிகளே அதைத் தடை செய்கின்றன. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா கையில் இருந்தால் கடைக்காரர் சந்தோஷமாக அதிலேயே போட்டுத் தருவார்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் பச்சைச் சட்னியையும் பச்சைக் காயையும் விட்டுவிட வேண்டும். பையில் ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். பேதியோடு காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் போங்கள்.

நாங்கள் சுத்த சைவம். முட்டை போட்ட கல்லில் சமைத்துவிட்டால்?

இந்த விஷயத்தில் மும்பை மாதிரி வசதியான ஊர் கிடையாது. குஜராத்திகளும் ஜைனர்களும் நிறைந்த காட்கோபர், முலுண்ட், வாக்கேஷ்வர் பக்கங்களில் வண்டிகளே சைவம்தான். "ஜைன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இல்லாமல் செய்து தருவார்கள். ஜைன் பாவ் பாஜியில் உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய். விரத நாளில் வருகிற அம்மாக்களுக்கு இது பெரிய நிம்மதி.

பாம்பே சாண்ட்விச் வண்டியும் பெரும்பாலும் சைவம்தான். ரொட்டியில் வெண்ணெய், பச்சைச் சட்னி தடவி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம் அடுக்கி, மசாலா தூவி, கைப்பிடி வைத்த டோஸ்டரில் வாட்டி ஆறு துண்டாக வெட்டுவார்கள். காயை உள்ளங்கையிலேயே வைத்து, கத்தியை இழுக்காமல் வில்லை வில்லையாகச் சீவி நேராக ரொட்டியில் விழச் செய்கிற அந்தக் கைவேலையைப் பார்க்கவே நிற்கலாம். பிரான்கி என்ற சுருட்டு ரொட்டிக் கடைகளில் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டியில் முட்டை பூசுவது அங்கே வழக்கம்.

அசைவத்துக்கு எங்கே போவது?

ரம்ஜான் மாதம் என்றால் யோசிக்கவே வேண்டாம், முகமது அலி ரோடு, மினாரா மஸ்ஜித் பக்கம். நோன்பு திறக்கிற நேரம் உள்ளூர்க்காரர்களுடையது. அவர்கள் முதலில் சாப்பிடட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நீங்கள் போங்கள். கபாப், நல்லி எலும்புக் குழம்பான நிஹாரி, வாணலி அகலத்துக்கு மால்புவா என்ற இனிப்பு அப்பம், மண்சட்டியில் ஃபிர்னி என்ற அரிசிப் பாயசம். நாலு பேராகப் போய்ப் பங்கு போட்டால்தான் எல்லாவற்றையும் ருசி பார்க்க முடியும். மற்ற மாதங்களில் போரி மொகல்லாவும், மாஹிம் தர்கா பக்கத்துச் சந்தும் போதும். கொலாபாவில் தாஜ் ஹோட்டலுக்குப் பின்னால் படேமியா ரொம்ப நாளாகப் பெயர்பெற்ற கடை.

எங்கள் பக்கத்து ஊர்ப்பெருமை ஒன்றையும் சொல்ல வேண்டும். நாட்டின் ஓட்டல்களில் எல்லாம் "கோலிவாடா" என்று இறால் வறுவல் போடுகிறார்களே, அது சயான் கோலிவாடாவில் பிறந்தது. பிரிவினைக்குப் பிறகு அங்கே குடியேறிய பஞ்சாபிகள், கோலி மீனவர்களின் இறாலைத் தங்கள் கடலைமாவு, ஓம மசாலாவில் புரட்டிப் பொரித்தார்கள். அந்தச் சந்துகளிலேயே தமிழ்க் குடும்பங்களும் நிறைய.

மும்பைக்கு வந்தும் இட்லி தோசை எதற்கு?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் வரும். மும்பையின் தெருச் சாப்பாட்டில் இட்லி வெளியூர்ச் சரக்கு இல்லை. இந்த ஊரின் காலைப் பசியை ஆற்றுவதே அதுதான்.

தாராவியில் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே இட்லிக் கொப்பரைகளில் ஆவி கிளம்பிவிடும். ராத்திரி அரைத்த மாவு புளித்து நிற்கும். ஒரு பக்கம் மெதுவடை பொரியும், இன்னொரு பக்கம் பொட்டுக்கடலையும் தேங்காயும் அரைபடும். வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் அதில் வேலை உண்டு. விடிவதற்குள் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் இட்லியை அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடி, சைக்கிள் கேரியரில் கட்டுவார்கள். ஹேண்டில் பாரில் சட்னித் தூக்கும் சாம்பார்த் தூக்கும். தலைச்சுமையாக எடுத்துப் போகிறவர்களும் உண்டு. ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே அவர்கள் தெருவுக்குள் வருகிற சத்தம் கேட்டுத்தான் பல பில்டிங்குகளில் டிபன் பிளேட்டை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். வாங்குகிறவர்கள் மராத்திக்காரர்கள், குஜராத்திகள், பீகாரிகள். விற்கிறவருக்குச் சொந்த ஊர் பெரும்பாலும் தமிழ்நாட்டில்தான் எங்கேயோ இருக்கும். "அண்ணே, எந்த ஊரு?" என்று கேட்டுப் பாருங்கள். தட்டில் ஒரு வடை கூடுதலாக விழும்.

தோசை இங்கே வேறு ரூபம் எடுத்துவிட்டது. தள்ளுவண்டியில் மைசூர் மசாலா கேட்டால் கல்லின் மேலேயே வெண்ணெய், சிவப்புச் சட்னி, காய், கிழங்கு எல்லாம் கொட்டி மசித்து, தோசை முழுக்கப் பரப்புவார்கள். காட்கோபர் காவ் கல்லியில் ஜினி தோசை என்று சீஸைத் துருவிக் கொட்டிச் சுருட்டி, துண்டுகளாக நிற்க வைத்துத் தருவார்கள். தோசை என்று நினைக்காமல் மும்பைப் பலகாரம் என்று நினைத்துச் சாப்பிட்டால் பிடிக்கும். நம்ம ருசியே வேண்டும் என்றால் மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போங்கள். 1940இலிருந்து இருக்கிற கஃபே மெட்ராஸ் போன்றவை தெருக்கடை இல்லை, உட்கார்ந்து சாப்பிடுகிற இடங்கள். ஆனால் ஞாயிறு காலையில் தெருவில்தான் ஒரு மணி நேரம் நிற்க வைப்பார்கள்.

ஹிந்தி தெரியாது. எப்படிக் கேட்பது?

விரலைக் காட்டினாலே போதும், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனாலும் நாலு வார்த்தை கையில் இருந்தால் கவனிப்பே வேறு. ஆண்களை "பய்யா" என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள். மராத்திக்காரராக இருந்தால் "தாதா" (அண்ணன்) என்றோ வயதானவரை "காகா" என்றோ கூப்பிட்டால் முகம் மலரும். விற்கிற அம்மா வயதானவர் என்றால் "மாவ்ஷி". காரம் குறைய "தீக்கா கம்". டீ பாதி கிளாஸ் போதும் என்றால் "கட்டிங்". பானிபூரி முடிந்ததும் "சுக்கா பூரி" என்று கையை நீட்டலாம். தண்ணீர் இல்லாமல் மசாலா போட்ட அந்தக் கடைசிப் பூரிக்குக் காசு கிடையாது.

எவ்வளவு செலவாகும்?

சாதாரண வண்டியில் வடாபாவ் 15 முதல் 25 ரூபாய்க்குள் இருக்கும். ஆளுக்கு 300 ரூபாய் இருந்தால் ஒரு மாலை முழுக்கச் சாப்பிடலாம். இளநீர்க்காரர் வரை யுபிஐ அட்டை தொங்குகிறது. பத்து, இருபது சில்லறை மட்டும் வைத்திருங்கள், சிக்னல் இல்லாத சந்துகள் உண்டு. ஜூஹு, கிர்காவ் சௌபாட்டி கடற்கரைகளில் மட்டும் ஆர்டர் கொடுக்கும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள். பேரம் பேசாதீர்கள், இது சேலை வாங்குகிற இடம் இல்லை.

முனிசிபாலிட்டி வண்டி வந்ததும் கடைக்காரர்கள் ஏன் ஓடுகிறார்கள்? இந்தக் கடைகள் சட்டவிரோதமா?

சாப்பிடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. தெருவில் விற்பது குற்றம் இல்லை. 2014இல் தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஊரில் இருக்கிற வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும், விற்கிற இடங்களை ஒதுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிகிற வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இதையெல்லாம் முடிவு செய்கிற நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

சட்டத்தில் இருப்பது இது. தெருவில் நடப்பது வேறு. பல வருஷமாக ஒரே முனையில் நிற்கிறவர்கள் பலரிடம் இன்னும் அந்தச் சான்றிதழ் இல்லை. 2017இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரயில் நிலையங்களிலிருந்து 150 மீட்டருக்குள்ளும், பள்ளிகள், வழிபாட்டு இடங்களிலிருந்து 100 மீட்டருக்குள்ளும் தெரு வியாபாரம் கூடாது என்றது. நடைபாதை நடப்பவர்களுக்கு வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் பாலத்தில் நெரிசலில் அத்தனை பேர் செத்த வருஷம் அது. ஆனால் ஓடுகிற அந்த மனிதருடைய முதல் எல்லாம் ஒரு வண்டி, ஒரு சிலிண்டர், ஒரு சட்டி. அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் ஒரு குடும்பத்தின் மாத வருமானமே போய்விடுகிறது. கொரோனா ஊரடங்கில் இது எல்லோருக்கும் கண்முன்னால் தெரிந்தது. 2020 ஜூனில் மத்திய அரசு ஸ்வநிதி என்ற கடன் திட்டத்தை, முதல் தவணை 10,000 ரூபாய் என்று, தெரு வியாபாரிகளுக்காகவே தொடங்கியது. நிற்க இடம் உறுதியானால்தான் அந்தக் கடனும் உதவும்.

நம்மால் ஆனது: பிளேட்டைத் தெருவில் போடாமல் தொட்டியில் போடுவது, நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்காமல் ஓரமாக நிற்பது, குப்பை என்ற காரணத்தைச் சொல்லிக் கடையை எடுக்க வழி விடாமல் இருப்பது.

வெளிநாடு போகிறோம். தெரியாத ஊரில் இதை எப்படித் தேடுவது?

இங்கே சொன்ன அதே வழிதான்: யாருடைய வேலை நேரம், யாருடைய சாப்பாடு என்று பாருங்கள். தமிழர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. நம்மவர்கள் போய் உழைத்த ஊர்களில் எல்லாம் தெருவில் நம்முடைய கை இருக்கிறது. பினாங்கில் நாசி கண்டார் என்று சோறும் பலவகைக் குழம்பும் தருவார்கள். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடி போலக் கம்பில் கட்டிச் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு அது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருகிற பன்னி சௌ, அங்கே போன இந்தியர்கள் உண்டாக்கியது. 1860இல் அங்கே முதலில் போய்ச் சேர்ந்த கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியதுதான். சைவத்துக்கு பீன்ஸ் பன்னி கேளுங்கள். இதற்கு எதிர்த்திசையில், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் அத்தோ என்ற நூடுல்ஸைக் கொண்டுவந்து சென்னை பர்மா பஜார் பக்கம் விற்றார்கள். இன்றும் விற்கிறார்கள்.

சாப்பாடு இப்படித்தான் ஊர் மாறும். லெபனானிலிருந்து மெக்சிகோ போனவர்களின் ஷவர்மாதான் அங்கே பன்றி இறைச்சியில் டாக்கோஸ் அல் பாஸ்தோர் ஆனது. மும்பைப் பிரான்கியும் அந்தப் பக்கத்து உறவுதான். பெய்ரூட்டில் சாப்பிட்ட சுருட்டு ரொட்டியை நினைத்து அமர்ஜித் சிங் திப் என்பவர் 1969இல் இங்கே தொடங்கினார், வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் ஃபிராங்க் வோரலின் பெயரை வைத்தார்.

சிங்கப்பூரில் வண்டிகளைத் தேடாதீர்கள். தெருக்கடைக்காரர்களை 1970களிலிருந்தே தண்ணீர்க் குழாயும் சாக்கடை வசதியும் உள்ள ஹாக்கர் சென்டர்களுக்கு மாற்றிவிட்டார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. 2016இல் இரண்டு ஹாக்கர் கடைகளுக்கு, பெரிய உணவகங்கள் ஏங்குகிற மிஷெலின் நட்சத்திரமே கிடைத்தது. மேஜையில் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். லிட்டில் இந்தியாவில் தேக்கா சென்டரில் தமிழிலேயே ஆர்டர் கொடுக்கலாம். வியாபாரியைத் துரத்தாமல் அவருக்குக் கூரையும் குழாயும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அங்கே போய்ப் பாருங்கள். வாடகையும் விலைவாசியும் அங்கேயும் பிரச்சினைதான், இருந்தாலும் அவர் ஓட வேண்டியதில்லை.

பாங்காக்கில் சைவர்களுக்குக் கஷ்டம், காய்கறியிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடையைத் தேடிப் போய் "ஜே" என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத சாப்பாடு என்று பொருள், பூண்டும் சேர்க்க மாட்டார்கள். சைனாடவுனில் இருக்கிற யாவரத் தெருவுக்கு இருட்டிய பிறகு போங்கள். இஸ்தான்புல்லில் சைவர்களுக்கு எள் ஒட்டிய சிமித் வளையம் எந்த முனையிலும் கிடைக்கும், மீன் சாப்பிடுகிறவர்களுக்கு எமினோனு படித்துறையில் மீன் ரொட்டி.

எங்களுக்கு ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது.

வேலை நாளாக இருந்தால் ஐந்து மணிக்கு சிஎஸ்எம்டி வாசல். ஆராமில் ஒரு வடாபாவ், பக்கத்தில் ஒரு கட்டிங். அங்கிருந்து டாக்ஸி பிடித்து கிர்காவ் சௌபாட்டி. சூரியன் இறங்கும்வரை மணலில் உட்கார்ந்து பேல், முடிவில் குல்ஃபி. மழை மாதமாக இருந்தால் அதற்குப் பதில் மெரின் டிரைவ் நடைபாதையில் கரியில் சுட்ட சோளம், எலுமிச்சையில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தேய்த்தது. எட்டு மணிக்கு சைவர்கள் தாடதேவில் பாவ் பாஜி, அசைவர்கள் போரி மொகல்லா, ரம்ஜான் மாதமானால் ஒன்பதுக்கு மேல் முகமது அலி ரோடு. முழங்கால் வலி உள்ளவர்கள் முகமது அலி ரோட்டை விட்டுவிடலாம், உட்கார இடம் கிடைப்பது கஷ்டம்.

கடைக்காரரைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள், அதுவும் சாப்பிட்டுக் காசு கொடுத்த பிறகு. பின்னால் வரிசை நிற்கும்போது "இன்னொரு தடவை ஊத்துங்க" என்று சொல்லாதீர்கள். முனிசிபாலிட்டி பயம் இருக்கிற இடங்களில் சிலர் முகம் தெரிய வேண்டாம் என்பார்கள், கையை மட்டும் எடுங்கள்.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

வடாபாவைப் பார்சல் கட்டாதீர்கள், ரயில் புனே தாண்டுவதற்குள் வீணாகிவிடும். அந்த வறட்டுப் பூண்டுச் சட்னிப் பொடியை வாங்குங்கள். தாதர் மார்க்கெட்டில் மராத்தி மசாலாக் கடைகளில் எடை போட்டுத் தருவார்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் பல வாரம் தாங்கும். தோசைக்கும் இட்லிக்கும் எண்ணெய் விட்டுத் தொட்டுக்கொள்ளலாம். கூடவே பேல் பொரியும் சேவும் தனித்தனிப் பொட்டலமாக. சட்னியை வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்: புளி, பேரீச்சம்பழம், வெல்லம் வேகவைத்து அரைத்தது ஒன்று, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் அரைத்தது ஒன்று. பொரியை வாங்குகிற அன்றே ஒரு பிடி தின்று பாருங்கள், நமத்திருந்தால் கடைக்காரரிடம் அப்போதே மாற்றிக்கொள்ளலாம்.